தினம் பத்துத் துணுக்கு: டர்பனில் ஒரு நர்சிங் தேர்வுக் குழுவில் எட்டு மாதம்

எட்டு மாதம் காசு கொடுத்துப் பயன்படுத்திய பிறகு எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே வரும். இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஓய்வுபெற்ற நர்சிங் ஆசிரியை ஒருவர், நாங்கள் எல்லாரும் அக்கா என்றே கூப்பிடுகிறோம், அமெரிக்காவில் நர்சாக வேலை பார்க்க உரிமம் தரும் என்கிளெக்ஸ் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்காக ஒரு வாட்ஸ்அப் குழு நடத்துகிறார். மாதம் 150 ரேண்ட். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஐந்தரைக்குப் பத்துத் துணுக்குகள் வரும், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று வரிதான், கூடவே தமிழில் ஒரு குரல் பதிவு. சனிக்கிழமை நாம் எழுதிப் போட வேண்டும். ஞாயிறு விடுமுறை. வீடியோ கிடையாது, மாதிரித் தேர்வு கிடையாது, சான்றிதழ் எதுவும் கிடையாது. இதற்குப் போய் யாராவது காசு கொடுப்பார்களா என்று என் கணவர் கேட்டார், அந்தக் கேள்வி நியாயமானதுதான், அதற்குப் பதிலாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

நான் தூத்துக்குடியில் படித்து, கல்யாணமாகி இங்கே வந்து பன்னிரண்டு வருடம் ஆகிறது. வார்டில் சிஸ்டர். அமெரிக்காவுக்குப் போக வேண்டும் என்று முடிவெடுத்த பிறகு முதல் முறை ஒரு பெரிய வீடியோ வகுப்பை வாங்கி, ஆறு மாதம் நைட் டியூட்டி முடித்துவிட்டு வந்து உட்கார்ந்து பார்த்துப் படித்து, எழுதி, தேறவில்லை. பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். தேர்வுப் பதிவுக்கு 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதுவதால் இன்னும் 150 டாலர், அதை ரேண்டில் மாற்றிப் பார்த்தால் எங்கள் வீட்டுக்கு அது சின்னத் தொகை இல்லை. தேறாதவர்களுக்கு ஒரு அறிக்கை வரும், பாடப் பகுதி ஒவ்வொன்றிலும் தேர்ச்சிக் கோட்டுக்கு மேலே இருக்கிறோமா, பக்கத்திலா, கீழேயா என்று அதில் இருக்கும். எனக்கு மருந்துகள் பகுதியும், யாருக்கு எந்த வேலையைக் கொடுப்பது, யாரை முதலில் பார்ப்பது என்று கேட்கும் பராமரிப்பு நிர்வாகப் பகுதியும் கீழே. 2023 பாடத்திட்டத்தில் இந்த நிர்வாகப் பகுதி மட்டும் 15 முதல் 21 சதவீதம், மருந்துகள் 13 முதல் 19 சதவீதம். இரண்டிலும் கீழே என்றால் மற்றதில் என்ன செய்தாலும் தேறுவது கஷ்டம். மறுபடி எழுத 45 நாள் காத்திருக்க வேண்டும் என்பது விதி, நான் அதற்கு மேலேயே எடுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இந்தக் குழுவைச் சொன்னாள்.

துணுக்கு என்றதும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. இணையத்தில் இலவசமாகவே ஆயிரம் கிடக்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் 3.5 முதல் 5.0, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளில் ஹெப்பாரினுக்கு முறிமருந்து புரோட்டமின் சல்ஃபேட், வார்ஃபரினுக்கு வைட்டமின் கே, மனநல மருந்தான லித்தியம் 0.6 முதல் 1.2. இதையெல்லாம் முதல் தடவையே நான் மனப்பாடமாக வைத்திருந்தேன், தேர்வுக் கூடத்தில் அவை எதுவும் கைகொடுக்கவில்லை. ஏனென்றால் லித்தியத்தின் அளவு என்ன என்று அங்கே யாரும் கேட்பதில்லை. லித்தியம் சாப்பிடுகிறவர் இரண்டு நாளாக வாந்தி, பேதி, கை நடுங்குகிறது, முதலில் என்ன செய்வாய் என்று கேட்பார்கள்.

அக்காவின் துணுக்கில் இரண்டாவது வரி எப்போதும் "ஏன்" என்று ஆரம்பிக்கும். அந்தக் குழுவின் உயிர் அந்த வரியில்தான் இருக்கிறது. லித்தியத்துக்கு அவர் எழுதியது ஏறக்குறைய இப்படி: சிறுநீரகம் லித்தியத்தையும் சோடியத்தையும் ஒன்றுபோலவே நடத்தும், உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் சோடியத்தைப் பிடித்து வைக்கப் பார்க்கும், கூடவே லித்தியத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் இரத்தத்தில் லித்தியம் ஏறும். குரல் பதிவில் பிப்ரவரி மாத டர்பன் வெயிலைச் சொன்னார், அந்தப் புழுக்கத்தில் வியர்வையாய்க் கொட்டும் ஒரு நோயாளியை நினைத்துக்கொள், அவர் உப்பையும் குறைத்துச் சாப்பிட்டால் என்ன ஆகும் என்று யோசி என்றார். அன்றைக்குப் பிறகு லித்தியம் பற்றி வந்த எந்தக் கேள்வியிலும் நான் தடுமாறவில்லை. அளவை மறந்தாலும் வாந்தியும் பேதியும் ஏன் ஆபத்து என்பது மறக்காது.

இதய மருந்தான டைஜாக்சின் இன்னொரு உதாரணம். நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் இதய நுனியில் கேட்டு எண்ண வேண்டும், பெரியவர்களுக்கு 60க்குக் கீழே இருந்தால் மருந்தை நிறுத்தி வைத்து மருத்துவருக்குச் சொல்ல வேண்டும், பொட்டாசியம் குறைந்தால் டைஜாக்சின் நஞ்சாகும், இதெல்லாம் எந்த நர்சுக்கும் தெரியும். ஏன் குறைந்தால் நஞ்சாகிறது என்பது எனக்குத் தெரியாது, பன்னிரண்டு வருடம் அந்த மாத்திரையைக் கொடுத்திருக்கிறேன், தெரியாது. இதய செல்லில் இருக்கும் பம்ப் ஒன்றில் பொட்டாசியமும் டைஜாக்சினும் ஒரே இடத்துக்குப் போட்டி போடுகின்றன என்று அக்கா விளக்கினார். இங்கே சாட்ஸ்வொர்த்திலிருந்து டவுனுக்குப் போகும் டாக்சியை நினைத்துக்கொள்ளுங்கள், ஒரு சீட், இரண்டு பேர் நிற்கிறார்கள், பொட்டாசியம் வராவிட்டால் டைஜாக்சின் ஏறி உட்கார்ந்துவிடும். இப்போது இதோடு ஃபுரோசமைடைச் சேர்த்துப் பாருங்கள், அது சிறுநீரில் பொட்டாசியத்தை வெளியே அனுப்பும் மருந்து, இதய நோயாளிக்கு இரண்டையும் சேர்த்தே எழுதியிருப்பார்கள். ஒரு சீட்டுக் கதையில் மூன்று துணுக்கு ஒன்றாகிவிட்டது.

தமிழில் சொல்வதால் என்ன பெரிய லாபம், தேர்வு ஆங்கிலத்தில்தானே என்று சிலர் கேட்கிறார்கள். தேர்வு ஆங்கிலத்தில்தான், துணுக்கும் ஆங்கிலச் சொற்களோடுதான் வரும். ஆனால் காரணம் தமிழில் காதில் விழும்போது அது வேறு மாதிரி உள்ளே போகிறது, எனக்கு அப்படித்தான். பொட்டாசியம் ஏறினால் இசிஜியில் டி அலை கோபுரம் மாதிரி எழும்பும், குறைந்தால் டி அலை தரையோடு படுத்துக்கொண்டு பின்னால் ஒரு யு அலை தலைகாட்டும். கோபுரம் என்ற ஒரு சொல் போதும். குழுவில் இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தவர்கள்தான் அதிகம், ஆனாலும் இங்கேயே பிறந்து வளர்ந்த இரண்டு பெண்கள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தமிழ் படிக்க வராது, ஆயா பேசக் கேட்டு வளர்ந்ததால் கேட்டால் புரியும். அவர்களுக்காகவே குரல் பதிவு தொடங்கியதாக அக்கா சொன்னார். கரண்ட் இல்லாத நாட்களில் இருட்டில் படுத்துக்கொண்டு அந்தப் பதிவுகளைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறேன், முந்தின நாளே தரவிறக்கி வைத்துக்கொண்டால் டேட்டாவும் வேண்டாம்.

தென்னாப்பிரிக்காவில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் குழு தரும் இன்னொரு உதவி வேறு எங்கும் எனக்குக் கிடைக்கவில்லை. நாம் பழகிய எண்கள் வேறு, தேர்வில் வரும் எண்கள் வேறு. இங்கே சர்க்கரையை மில்லிமோலில் பார்க்கிறோம், 4க்குக் கீழே போனால் ஓடுகிறோம். அமெரிக்கக் கேள்வியில் மில்லிகிராம் கணக்கில் சர்க்கரை 110 என்று இருக்கும். வருடக்கணக்காக 5, 6, 12 என்று பார்த்த கண்ணுக்கு 110 என்றதும் நெஞ்சு படபடக்கிறது, 18ஆல் வகுத்தால் அது 6.1தான், பதற ஒன்றுமில்லை. கிரியாட்டினின் இங்கே 90 என்று வந்தால் பேசாமல் போவோம், அங்கே 1.0 என்பதுதான் ஏறக்குறைய அதே அளவு, அங்கே 4 என்று கண்டால் சின்ன எண் என்று கடந்துவிடக் கூடாது, நம் கணக்கில் அது 350க்கு மேல். பொட்டாசியமும் சோடியமும் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே எண், அது ஒரு நிம்மதி. அப்புறம் மருந்துப் பெயர்கள். நம் அட்ரினலின் அங்கே எபிநெஃப்ரின், சால்பூட்டமால் அங்கே அல்பியூட்டரால், பாராசிட்டமால் அசிட்டமினோஃபென், பெத்திடின் மெபெரிடின், ரிஃபாம்பிசின் ரிஃபாம்பின், கிளிபென்கிளமைட் கிளைபுரைட். முதல் தேர்வில் மெபெரிடின் என்று பார்த்து இது என்ன மருந்து என்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், தினமும் கையில் எடுத்த மருந்து அது. செவ்வாய்க்கிழமை பத்துத் துணுக்கும் இந்த எண்மாற்றம், பெயர்மாற்றம்தான். இதற்கு மட்டுமே 150 ரேண்ட் கொடுக்கலாம்.

வேலைப் பிரிவினையிலும் இதே சிக்கல். இங்கே சிஸ்டர், என்ரோல்ட் நர்ஸ், ஆக்ஸிலரி என்று மூன்று நிலை, ஆள் போதாத இரவில் அந்தக் கோடுகள் கலைந்துவிடும், யார் கை சும்மா இருக்கிறதோ அவர் செய்வார். தேர்வில் அந்தக் கோடு கலையவே கலையாது. நோயாளியை மதிப்பிடுவது, கற்றுக்கொடுப்பது, செய்த சிகிச்சை பலன் தந்ததா என்று பார்ப்பது, இந்த மூன்றையும் ரெஜிஸ்டர்ட் நர்ஸ் யாரிடமும் கொடுக்கக் கூடாது. நிலை சீராக இருக்கும், அடுத்து என்ன ஆகும் என்று ஊகிக்கக்கூடிய நோயாளிகளை அங்கே அடுத்த நிலை நர்ஸான எல்.பி.என். பார்க்கலாம். உதவியாளருக்குக் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, நடக்க வைப்பது, சீராக இருப்பவரின் பிபி, வெப்பநிலை எடுப்பது. நான் வார்டில் நடப்பதை மனதில் வைத்து விடை போட்டேன், அதனால்தான் அந்தப் பகுதியில் கீழே போனேன் என்று இந்தக் குழுவுக்கு வந்த பிறகே புரிந்தது.

ஆனால் நம் அனுபவம் கைகொடுக்கும் இடமும் உண்டு, காசநோய் அதில் முதல். இங்கே வேலை பார்க்கிறவர்களுக்கு ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சாகப் போகும் என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். இன்னொரு காசநோய் மருந்தான ஐசோனியசிட் உடம்பிலிருந்து வைட்டமின் பி6ஐ வெளியேற்றுவதால் கை கால் மரத்துப்போகும், அதனால்தான் பி6 மாத்திரையான பிரிடாக்சினும் சேர்த்துக் கொடுக்கிறோம். ரிஃபாம்பிசின் கல்லீரலை வேகமாக வேலை செய்ய வைப்பதால் கருத்தடை மாத்திரையின் பலனும் வார்ஃபரினின் பலனும் குறையும். காற்றில் பரவுபவை காசநோய், தட்டம்மை, சின்னம்மை, மூன்றுக்கும் என்95 முகக்கவசமும் எதிர்மறை அழுத்த அறையும். காசநோய் வாரத் துணுக்குகள் வந்தபோது குழுவில் எல்லாருமே தங்கள் வார்டு அனுபவத்தைக் கொட்டினார்கள், எனக்குப் பிடித்த வாரம் அதுதான்.

சனிக்கிழமை ஏற்பாட்டைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்த விமர்சனமே முழுசாகாது. நாலு பேருக்கு முறை வரும். ஒவ்வொருவரும் ஒரு துணுக்கு எழுத வேண்டும், "ஏன்" வரி சொந்தச் சொற்களில் இருக்க வேண்டும், எங்கிருந்தோ எடுத்து ஒட்டினால் அக்கா கண்டுபிடித்துவிடுவார். இன்னொருவர் அதைப் பாடப்புத்தகத்தில் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகே குழுவில் நிற்கும். என் முதல் துணுக்கு தீக்காயம். தீக்காயம் பட்டவருக்கு எவ்வளவு நீர் ஏற்ற வேண்டும் என்று சொல்லும் பார்க்லேண்ட் கணக்கு, 4 மில்லி பெருக்கல் எடை பெருக்கல் வெந்த சதவீதம், பாதியை முதல் 8 மணி நேரத்தில் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டு சும்மா இருந்தேன். எட்டு மணி நேரம் எப்போதிலிருந்து என்று ஒரு தங்கை கேட்டாள். சுட்ட நேரத்திலிருந்து, ஆஸ்பத்திரிக்கு வந்த நேரத்திலிருந்து இல்லை. குளிர்காலத்தில் பாரஃபின் அடுப்பு கவிழ்ந்து வருகிறவர்களை இங்கே பார்த்திருக்கிறோம், வந்து சேரவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். 70 கிலோ, 30 சதவீதம் என்றால் மொத்தம் 8,400 மில்லி, பாதி 4,200, இரண்டு மணி நேரம் போய்விட்டதால் மீதி ஆறு மணி நேரத்தில் மணிக்கு 700 மில்லி. இதே கணக்கை வந்த நேரத்திலிருந்து போட்டால் 525 என்று வரும், அந்த எண்ணும் விடைகளில் ஒன்றாக அழகாக உட்கார்ந்திருக்கும். ஏன் என்றால், நுண்குழாய்களிலிருந்து நீர் கசிவது சுட்ட கணத்திலேயே தொடங்கிவிடுகிறது, நாம் பார்க்கும் வரை அது காத்திருப்பதில்லை. அந்த ஒரு சனிக்கிழமை நான் படித்தது ஆறு மாத வீடியோவில் படித்ததைவிட ஆழமாக நின்றது, ஏனென்றால் சொல்ல வேண்டியவள் நான்.

துணுக்கைச் சரிபார்ப்பது வெறும் சடங்கு இல்லை. பழைய துணுக்குகள் இணையத்தில் நிறைய சுற்றுகின்றன. மாரடைப்பு என்றால் எல்லாருக்கும் உடனே ஆக்சிஜன் என்று ஒருவர் போட்டார், நாங்கள் எல்லாரும் தலையாட்டினோம், அப்படித்தானே படித்தோம். இப்போதைய வழிகாட்டுதல்படி ஆக்சிஜன் அளவு 90 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ மூச்சுத் திணறினாலோதான். சரிபார்த்தவள் புத்தகத்தைக் காட்டி நிறுத்தினாள். இந்த ஏற்பாடு இல்லாத குழுக்களில் நானும் இருந்திருக்கிறேன், அங்கே தப்பும் சரியும் ஒரே வேகத்தில் பரவும், தப்பைப் படித்துவிட்டு அதை மறப்பதற்குத் தனியாக உழைக்க வேண்டியிருக்கும்.

குறைகளும் உண்டு. முதல் குறை பெரியது. ஏப்ரல் 2023 முதல் தேர்வு மாறிவிட்டது, ஒரே நோயாளியை வைத்து ஆறு கேள்விகள் தொடராக வரும் நேர்வு ஆய்வுகள் குறைந்தது மூன்று இருக்கும், நர்ஸ் குறிப்பு, பரிசோதனை முடிவு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் படித்து எது முக்கியம் என்று நாமே பொறுக்கி எடுக்க வேண்டும். இந்தக் குழுவில் அதற்குப் பயிற்சியே இல்லை. துணுக்கு கையில் இருக்கும் அரிசி பருப்பு மாதிரி, சமைக்கத் தனியாகப் பழக வேண்டும். நான் கூடவே ஒரு கேள்வி வங்கிக்குச் சந்தா கட்டி, தினம் 40 கேள்வி போட்டு, தப்பான ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதினேன். அதைச் செய்யாமல் குழுவை மட்டும் நம்பித் தேர்வுக்குப் போகாதீர்கள். இதை அக்காவே சேரும் அன்றைக்குச் சொல்லிவிடுகிறார், அதற்காக அவரை மதிக்கிறேன்.

இரண்டாவது, பழைய துணுக்குகளைத் தேடுவது பெரும்பாடு. எட்டு மாதத் துணுக்கும் ஒரே நீள வரிசையில் கிடக்கின்றன, மெக்னீசியம் எங்கே வந்தது என்று தேடி அரை மணி நேரம் போனது. பொருள்வாரியாகப் பிரித்து ஒரு கோப்பாகக் கொடுத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும், கேட்டிருக்கிறேன், செய்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் அதுவரை ஒரு 72 பக்க நோட்டில் கையால் எழுதிக்கொண்டேன். மனநலப் பகுதியும் இங்கே மெலிந்துதான் இருக்கிறது, லித்தியம் மாதிரி மருந்துகள் வரும், நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு மிகக் குறைவு.

மெக்னீசியம் என்றதும் நினைவு வருகிறது, இதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கர்ப்பகால உயர் இரத்த அழுத்தத்தில் வலிப்பு வராமல் தடுக்க மெக்னீசியம் சல்ஃபேட் போடும்போது முழங்கால் அனிச்சையைத் தட்டிப் பார்ப்பது எதற்கு என்றால், அளவு ஏறும்போது முதலில் போவது அந்த அனிச்சை, அதற்குப் பிறகுதான் மூச்சு. அனிச்சை போனது தெரிந்தால் மூச்சு நிற்பதற்கு முன் நமக்கு நேரம் இருக்கிறது, டிரிப்பை நிறுத்தி, மருத்துவருக்குச் சொல்லி, முறிமருந்தான கால்சியம் குளுக்கோனேட்டைக் கையில் எடுக்க. மூச்சு நிமிடத்துக்கு 12க்குக் கீழே போனாலோ சிறுநீர் மணிக்கு 30 மில்லிக்குக் குறைந்தாலோ அப்போதும் அதேதான். இந்தத் துணுக்கைப் படித்த மூன்றாவது வாரம் வார்டில் ஒரு தாய்க்கு நான் தட்டியபோது கால் அசையவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத முடியாது, அவரும் குழந்தையும் நலமாக வீட்டுக்குப் போனார்கள். தேர்வுக்காகப் படித்தது அன்றைக்கு எதற்குப் பயன்பட்டது என்று எனக்குத் தெரியும்.

தேர்வு முடிவும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தேர்வில் கணினி நம் விடையைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினத்தைத் தீர்மானிக்கும், குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்வி, ஐந்து மணி நேரம், நம் தரம் கோட்டுக்கு மேலேயா கீழேயா என்று 95 சதவீதம் உறுதியானதும் நின்றுவிடும். எனக்கு இரண்டாவது முறை 94இல் நின்றது. தேறிவிட்டேன்.

யாருக்கு இது பொருந்தும் என்றால், ஏற்கெனவே அடிப்படை படித்தவர்கள், வேலைக்கும் போய்க்கொண்டு நீளமாக உட்கார நேரம் கிடைக்காதவர்கள், தமிழில் கேட்டால் மனதில் நிற்கும் என்று நினைக்கிறவர்கள், முக்கியமாக மில்லிமோல் நாடுகளில் வேலை பார்க்கிறவர்கள். இப்போதுதான் கல்லூரி முடித்தவர்கள் முதலில் ஒரு முழுப் பாடப்புத்தகத்தை முடித்துவிட்டு வாருங்கள். சனிக்கிழமை எழுத விருப்பமில்லை, படிக்க மட்டும் செய்வேன் என்றால் உங்கள் 150 ரேண்டை மிச்சம் பிடித்துக்கொள்ளுங்கள், அந்த எழுதும் பாதி இல்லாமல் இது மற்ற குழுக்களைப் போலத்தான்.

தேறிய பிறகும் நான் குழுவை விட்டுப் போகவில்லை. இந்தச் சனிக்கிழமை என் முறை, வார்ஃபரின் எடுத்திருக்கிறேன். கீரையை அடியோடு நிறுத்தச் சொல்லக் கூடாது, வாரத்துக்கு வாரம் ஒரே அளவாகச் சாப்பிடச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நோயாளி கீரையில் சாப்பிடும் வைட்டமின் கே அளவை வைத்துத்தான் மருந்தின் அளவே, இரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். 2க்கும் 3க்கும் நடுவில் நிற்கும்படி முடிவாகியிருக்கிறது. போன மாதம் சேர்ந்த பெண் சரிபார்க்கிறாள், புத்தகத்தில் பக்கம் தேடிக்கொண்டிருப்பதாக இப்போதுதான் செய்தி அனுப்பினாள்.